வேலை போன ஆசிரியர் வெளிநாடு போவது எப்படி: குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாணவர் சேர்க்கை குறைந்ததும் எங்கள் மாவட்டத்தில் முதலில் வெட்டு விழுவது ஆசிரியர் பட்டியலில்தான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி அனுப்பப்பட்ட ஒருவரையாவது பார்த்துவிடலாம். கல்ஃபில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் இயற்பியல் நடத்திவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் இவர்களில் பலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நான் கன்சல்டன்சி நடத்தவில்லை, யாருக்கும் விசா எடுத்துக் கொடுப்பதும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நேற்றோடு வேலை போய்விட்டது. இன்றே எந்தெந்தப் பள்ளிக்கு மெயில் போடலாம்?

இன்று யாருக்கும் போட வேண்டாம். பழைய இடத்தில் உங்கள் முகம் மறப்பதற்குள் வாங்கவேண்டிய தாள்களை வாங்கிவிடுங்கள். வெளிநாட்டு வேலை கை நழுவுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் திறமைக் குறைவு அல்ல, தாள் தயாராக இல்லாததுதான். இன்டர்வியூவில் தேறிய பிறகு 'அட்டெஸ்ட் செய்த (அரசு முத்திரை பெற்ற) சான்றிதழை அனுப்புங்கள்' என்று கேட்டால், கையில் இருப்பவருக்கு விசா வரும், இல்லாதவருக்கு வாழ்த்து மட்டும் வரும்.

வாங்கவேண்டியவை: ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று, கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண். அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேர வேலை என்ற குறிப்பு, நடத்திய பாடம், எந்த வகுப்புகள், எந்தப் பாடத்திட்டம் எல்லாம் இருக்கவேண்டும். 'இவர் எங்கள் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்' என்ற ஒற்றை வரிச் சான்று வெளிநாட்டில் எதற்கும் உதவாது. லெட்டர்ஹெட், முதல்வர் கையெழுத்து, பள்ளி முத்திரை, தொலைபேசி எண் நான்கும் தெளிவாகத் தெரியவேண்டும், ஏனென்றால் அந்த எண்ணுக்கு அவர்கள் கூப்பிட்டுப் பார்ப்பதுண்டு. பள்ளி ஆசிரியர் என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மேலொப்பமும் கேட்டுப் பாருங்கள். வேலையில் இருக்கும்போதே வாங்கினால் ஒரு வாரத்தில் முடியும், பள்ளி மூடிய பிறகு என்றால் அலைச்சல்தான்.

'ராஜினாமா எழுதிக் கொடுங்கள், நல்ல சான்று தருகிறோம்' என்கிறார்கள். கொடுக்கலாமா?

பெரும்பாலான நிர்வாகங்கள் இப்படித்தான் கேட்கின்றன. இதில் என் கருத்தோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு. வழக்குப் போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், எழுதும் முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். ஆசிரியர் அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் 'தொழிலாளி' அல்ல என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஆட்குறைப்பு இழப்பீடு என்று தொழிற்சாலை ஊழியர் கேட்பதுபோல் நாம் கேட்க முடியாது.

வெளிநாடு போவதே நோக்கம் என்றால் சான்றில் என்ன வாசகம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். 'மாணவர் சேர்க்கை குறைந்ததால் பணியிடம் நீக்கப்பட்டது' என்று எழுதித் தந்தால் ராஜினாமாவே தேவையில்லை. அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை என்பது படிப்பவருக்குப் புரியும். அப்படித் தர மறுத்து, ராஜினாமா கொடுத்தால்தான் சான்று என்று நின்றால், நான் கொடுத்துவிடுவேன். ஆனால் சம்பள பாக்கியும் சான்றும் ஒரே நாளில் கைக்கு வரவேண்டும். 'அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்ற பேச்சே வேண்டாம்.

சேரும்போது கொடுத்த ஒரிஜினல் சான்றிதழ்களைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்கள்.

தராமல் வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது. சான்றிதழ் அடகு வைக்கும் பொருள் அல்ல என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. முதலில் ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். என்னென்ன சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பது அதில் இருக்கட்டும். வாய்ப்பேச்சில் மூன்று மாதம் இழுப்பவர்கள் தபாலைப் பார்த்ததும் மூன்று நாளில் தருவதுண்டு. அசையாவிட்டால் இணைப்பு தந்த பல்கலைக்கழகத்துக்கும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் மனு கொடுங்கள். சான்றிதழ் தொலைந்துவிட்டதாகப் போலீசில் எழுதிக்கொடுத்து டூப்ளிகேட் வாங்கலாம் என்று யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள். அது பொய்ப் புகார், பின்னாளில் உங்கள் கழுத்துக்கே வரும்.

பணிக்கொடை கிடைக்குமா? பி.எஃப். பணத்தை எடுத்து விசா செலவுக்கு வைத்துக்கொள்ளலாமா?

ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் பணிக்கொடை உண்டு. தனியார் பள்ளி ஆசிரியருக்குக் கிடையாது என்று இன்னும் சில அலுவலகங்களில் கதை விடுகிறார்கள். 2009-ல் வந்த சட்டத் திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி ஆசிரியர்களையும் சேர்த்துவிட்டது. அதை எதிர்த்துப் பள்ளி நிர்வாகங்கள் போட்ட வழக்கில், திருத்தம் செல்லும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கணக்கு சுலபம். கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருடமோ அதனால் பெருக்குங்கள். 26,000 ரூபாய் வாங்கியவர் எட்டு வருடம் வேலை பார்த்திருந்தால் 1,20,000 ரூபாய். ராஜினாமா செய்தாலும் இது போகாது. எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு போடுங்கள். விமானம் ஏறிய பிறகு அங்கிருந்து கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு அது வந்து நான் பார்த்ததில்லை.

பி.எஃப். விஷயத்தில் அவசரம் வேண்டாம். பத்து வருடச் சேவை இருந்தால்தான் 58 வயதில் அதன் ஓய்வூதியம். எட்டு, ஒன்பது வருடம் ஆனவர்கள் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டால், திரும்பி வந்து மறுபடி வேலையில் சேரும்போது முதலிலிருந்து எண்ணவேண்டும்.

எந்த நாட்டுக்குப் போவது நல்லது?

உங்கள் படிப்பு, பாடம், வீட்டு நிலைமை மூன்றும் சொல்லாமல் யாராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குத் தெரிந்த வரைபடம் இது.

கல்ஃபில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏராளம். பட்டமும் பி.எட்.டும் இரண்டு மூன்று வருட அனுபவமும் இருந்தால் கதவு திறக்கும். ஓமானில் இந்தியப் பள்ளிகளுக்கென்று ஓர் இயக்குநர் குழு இருக்கிறது. ரியாத், ஜெத்தா, தம்மாமில் இந்தியத் தூதரகத்தின் மேற்பார்வையில் பெரிய பள்ளிகள் இருக்கின்றன. துபாயில் தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்துவது கே.எச்.டி.ஏ., அபுதாபியில் அடெக். பள்ளி தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, இவர்களின் ஒப்புதலும் வரவேண்டும்.

ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் சம்பளம், அதே ஊரில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி தரும் சம்பளத்தைவிட மிகக் குறைவு. காரணம், கணவரின் விசாவில் ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் பி.எட். படித்த பெண்கள். பள்ளிக்கு அவர்களால் விசாச் செலவு இல்லை, வீட்டு வாடகை இல்லை, டிக்கெட் இல்லை. சவுதியில் இப்படிக் குடும்ப விசாவில் இருப்பவர்கள் தனியார் பள்ளியில் வேலை பார்க்க 'அஜீர்' என்ற அனுமதி முறையே இருக்கிறது. நம் ஊரிலிருந்து போகிறவர் போட்டி போடவேண்டியது இவர்களோடுதான். ஆகவே மேல்நிலை வகுப்புக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் நடத்துபவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இங்கிருந்து நேரடியாகப் போவது கடினம்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு அனுகூலமும் உண்டு. கல்ஃபின் இந்தியப் பள்ளிகளில் நிர்வாகத்திலும் ஆசிரியர் அறையிலும் மலையாளிகள் நிறைய. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர் மலையாளமும் தமிழும் சேர்த்துப் பேசுவது அங்கே வீண்போகாது.

மாலத்தீவு நமக்குக் கூப்பிடு தூரம். திருவனந்தபுரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. தீவுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் பல வருடங்களாக வேலை பார்க்கிறார்கள், பாடம் ஆங்கிலத்தில். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது மாலே அல்ல, எங்கோ ஒரு சின்னத் தீவு. நடந்தால் சில நிமிடங்களில் மறுகரை வந்துவிடும். கடற்கரையில் பிறந்து வளர்ந்த முட்டம், குளச்சல்காரருக்கே சில மாதத்தில் சலித்துப்போகும். சம்பளம் ரூஃபியாவில் வரும், அதை டாலராக மாற்றி ஊருக்கு அனுப்ப வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று அங்கே இருக்கும் ஆசிரியரிடமே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இங்கிலாந்து 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் தகுதி பெற்ற ஆசிரியர்களும் நேரடியாக அந்நாட்டின் ஆசிரியர் தகுதிநிலைக்கு விண்ணப்பிக்க வழி திறந்தது. அந்தத் தகுதிநிலையின் பெயர் கியூ.டி.எஸ். கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களை 11 முதல் 16 வயது மாணவர்களுக்கு நடத்தத் தகுதி பெற்றவர்களுக்கானது இது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. தகுதிநிலை கிடைத்தால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. விசா ஸ்பான்சர் செய்யும் உரிமம் உள்ள பள்ளி உங்களை எடுக்கவேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியலைப் பிரிட்டிஷ் அரசே வெளியிடுகிறது, அதில் பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அமெரிக்காவின் ஜே-1 ஆசிரியர் பரிமாற்ற விசா மூன்று வருடம், பிறகு இரண்டு வருடம் வரை நீட்டலாம். வேலை போனவர்கள் கவனிக்கவேண்டிய விதி ஒன்று இதில் உண்டு. விண்ணப்பிக்கும்போது நீங்கள் சொந்த நாட்டில் ஆசிரியராக வேலையில் இருக்கவேண்டும். அப்படி இல்லையென்றால், கடந்த 12 மாதத்துக்குள் மேற்படிப்பு ஒன்றை முடித்திருக்கவேண்டும், கடந்த எட்டு வருடத்தில் இரண்டு வருட முழுநேர அனுபவமும் வேண்டும். அமெரிக்கா மனதில் இருந்தால், சம்பளம் குறைவானாலும் ஏதாவது ஒரு பள்ளியில் உடனே சேர்ந்துகொண்டு விண்ணப்பிப்பதுதான் வழி.

இன்ஜினியரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்தேன். எம்.இ. இருக்கிறது, பி.எட். இல்லை.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள், பதிலும் கொஞ்சம் கசப்பு. பள்ளிகள் பி.எட். இல்லாமல் எடுப்பது அபூர்வம். கணினி அறிவியல் மட்டும் சில இடங்களில் விதிவிலக்கு. வெளிநாட்டுக் கல்லூரிகளோ முனைவர் பட்டம் கேட்கின்றன. எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு இங்கிருந்து பலர் போனார்கள். ஓமானில் தொழில்நுட்பக் கல்லூரிகளில் இந்திய விரிவுரையாளர்கள் இருந்தார்கள். அந்தக் கல்லூரிகள் 2020-ல் ஒரே பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்டன, உள்நாட்டவருக்கு முன்னுரிமை தருவதும் அங்கே தீவிரமாக நடக்கிறது. முனைவர் பட்டம் முடித்தவர்கள் இந்தப் பக்கம் முயலலாம்.

முடிக்காதவர்களுக்கு நான் சொல்வது: வயது 35-க்குக் கீழ் என்றால் பி.எட். படியுங்கள். பி.இ. படித்தவர்கள் 55 சதவீத மதிப்பெண் இருந்தால் பி.எட். சேர, ஆசிரியர் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பான என்.சி.டி.இ.யின் விதி இடம் கொடுக்கிறது. இரண்டு வருடம் போகும், உண்மைதான். ஆனால் அந்த இரண்டு வருடத்தை 'ஏதாவது வரும்' என்று காத்திருந்தே கழித்தவர்களை நாகர்கோவிலில் நிறையப் பார்த்துவிட்டேன்.

எப்போது விண்ணப்பிக்கவேண்டும்?

கல்ஃபில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் வருடம் ஏப்ரலில் தொடங்கும். அதற்கு ஆள் எடுப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில் தொடங்குவதால், ஜனவரி முதல் மே வரை தேடுவார்கள். இங்கிலாந்தில் ஓர் ஆசிரியர் கோடை விடுமுறையோடு விலக விரும்பினால் மே 31-க்குள் சொல்லவேண்டும் என்பது வழக்கம், அதனால் பிப்ரவரி முதல் மே வரை காலியிட அறிவிப்புகள் குவியும்.

நம் ஊரில் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில்தான் வேலை போகிறது. அப்போது கல்ஃப் பள்ளிகளில் இடம் நிரம்பியிருக்கும். ஜூனில் போட்ட முப்பது மெயிலுக்கும் பதில் வரவில்லை என்று மனம் உடைய வேண்டாம். ஜூன் முதல் அக்டோபர் வரை தாள் வேலை, நவம்பரில் விண்ணப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது பாதியில் விலகி அவசர இடம் வந்தால், தாள் தயாராக இருப்பவருக்குத்தான் அது.

அட்டெஸ்டேஷன் என்கிறார்களே, எங்கே, எப்படிச் செய்வது?

மூன்று படி. முதலில் சான்றிதழ் உண்மையானது என்று அதை வழங்கிய பல்கலைக்கழகம் சொல்லவேண்டும், இதைத்தான் உண்மைத்தன்மைச் சான்று என்கிறோம். அடுத்து மாநில அரசின் முத்திரை. பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம். அதன்பின் போகும் நாட்டைப் பொறுத்தது. ஒரு நாட்டின் ஒற்றை முத்திரையை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. ஓமான், பஹ்ரைன் இரண்டும் அதில் உறுப்பினர்கள், சவுதி 2022 டிசம்பரில் வந்தது. இந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் ஒட்டினால் போதும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத்துக்கு அந்தந்தத் தூதரக முத்திரை தனியாக வேண்டும்.

நம் மாவட்டத்துக்காரருக்கு இதில் ஒரு சிக்கல். நாற்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பட்டம் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம், முதுகலை மதுரை காமராசர், பி.எட். சென்னை ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் என்று இருக்கும். மூன்று ஊர், மூன்று விண்ணப்பம், மூன்று காத்திருப்பு. அப்புறம் திருவனந்தபுரம் பக்கம் போய் பி.எட். படித்தவர்கள் வேறு. மாநில முத்திரை என்பது நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில் அல்ல, சான்றிதழ் வழங்கப்பட்ட மாநிலத்தில் வாங்கவேண்டியது. கேரளச் சான்றிதழுக்குத் திருவனந்தபுரத்தில் நோர்க்கா ரூட்ஸ் என்ற கேரள அரசு நிறுவனம் வழியாகச் செய்யலாம், நமக்கு அது சென்னையைவிடப் பக்கம். தமிழ்நாட்டுச் சான்றிதழுக்குச் சென்னைதான்.

செலவு பற்றி: அப்போஸ்டிலுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய்தான், அதோடு தாள்களை வாங்கிக் கொடுக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் சிறு கட்டணம். ஆயிரக்கணக்கில் பில் வருவது இடையில் ஓடுகிறவரின் கூலியும் தூதரகக் கட்டணமும் சேர்ந்து. ஓட்டத்துக்கு ஆள் வைப்பது தப்பில்லை, ஒவ்வொரு முறையும் சென்னைக்கு ரயில் ஏற எல்லோராலும் முடியாது. ஆனால் 'டெல்லியில் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்று மாநிலப் படியைத் தாண்டி வேறு வழியில் முத்திரை வாங்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். சில நாடுகளும் பல பள்ளிகளும் அதை ஏற்பதில்லை. எந்த வழி முத்திரை வேண்டும் என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கியவர்கள் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. ரெகுலராகப் படித்தீர்களா என்று பல்கலைக்கழகத்திடமிருந்து தனிக் கடிதம் கேட்கும் நாடுகள் உண்டு.

சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப் பெயர். பிரச்சினையா?

பிரச்சினைதான், இப்போதே சரிசெய்யக்கூடிய பிரச்சினை. நம் பக்கத்தில் ஒருவருக்கே பள்ளிச் சான்றில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் வேறு, இனிஷியலில் அப்பா பெயரோடு சில சமயம் வீட்டுப் பெயரும் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டவர்களும் நிறைய. 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட், டூரிஸ்ட் விசாவுக்கு அமீரகம் அனுமதி மறுக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள். சான்றிதழில் உள்ள இனிஷியலும் இதுவும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி உறுதிமொழி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டெஸ்டேஷனுக்கு அனுப்புவதற்கு முன்பே இதை முடித்துவிடவேண்டும்.

ஏஜெண்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். நியாயமான தொகையா?

இல்லை. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மொத்தம் 35,400. 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வந்த விதி இது. முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். 'நான் அந்தக் கம்பெனியின் சப்-ஏஜெண்ட்' என்று ஒருவர் வந்தால், அப்படி ஒரு பதவியே சட்டத்தில் கிடையாது. அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டப்படி ஆள்சேர்ப்புச் செலவை முதலாளிதான் ஏற்கவேண்டும், ஊழியர் தலையில் கட்டக்கூடாது. பிரிட்டனில் வேலை வாங்கித் தர வேலை தேடுபவரிடம் காசு வாங்குவதே சட்டவிரோதம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஜனங்கள் கொடுக்கிறார்கள்? பக்கத்து வீட்டு நர்ஸ் அவ்வளவு கொடுத்துப் போனாள், நன்றாக இருக்கிறாள் என்பதுதான் காரணம். நர்ஸ் வேலைக்குப் போகும் பாதை வேறு, அவர்களுக்கு லைசென்ஸ் தேர்வு, தனி நடைமுறை எல்லாம் உண்டு. அந்தக் கணக்கை ஆசிரியர் வேலைக்குப் பொருத்தாதீர்கள்.

தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. கேரளத்தில் ஒடெபெக். இரண்டின் அறிவிப்புகளையும் பார்த்துவாருங்கள். பள்ளிகள் தங்கள் இணையதளத்தில் நேரடியாக வெளியிடும் காலியிடங்களுக்கு ஏஜெண்டே தேவையில்லை, நான் பார்த்த பல நல்ல நியமனங்கள் அப்படி வந்தவைதான்.

போலி ஆஃபரை எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்டர்வியூ இல்லாமல் ஆஃபர் வந்தால் போலி. எந்தப் பள்ளியும் டெமோ கிளாஸ் பார்க்காமல் ஆசிரியரை எடுப்பதில்லை. பள்ளியின் பெயரில் ஜிமெயில் முகவரி, 'விசா சீட் உறுதி செய்ய' முன்பணம், தனிநபர் கணக்குக்குப் பணம், வாட்ஸ்அப்பில் மட்டும் பேச்சு எல்லாமே மோசடிக்காரர்களின் வாடிக்கை. ஆஃபர் வந்ததும் அந்தப் பள்ளியின் இணையதளத்திலிருந்து தொலைபேசி எண்ணை நீங்களே எடுத்துக் கூப்பிடுங்கள், ஆஃபர் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல.

தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை, நல்ல சம்பளம், விசா தேவையில்லை என்று விளம்பரம் வந்தால் இரட்டிப்புக் கவனம். விசா இல்லாமல் நுழையலாம் என்பது சுற்றுலாவுக்கு, வேலைக்கு அல்ல. தாய்லாந்து வழியாக மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் கடத்தப்பட்டு இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள்.

விசிட் விசாவில் துபாய் போய்த் தேடலாமா?

தங்க இடம் தர அண்ணனோ மச்சானோ அங்கே இருந்து, தாள்கள் அட்டெஸ்ட் ஆகியிருந்து, மாதம் ஜனவரியாக இருந்தால் போகலாம். வட்டிக்கு வாங்கி, ஜூலையில், பள்ளி மூடியிருக்கும் நேரத்தில் போவது பணத்தைக் கடலில் கொட்டுவது. விசிட் விசாவில் இருந்துகொண்டு ஒரு நாள்கூட வகுப்பெடுக்கக் கூடாது. 'ட்ரயல்' என்று கூப்பிட்டாலும்.

'ஏன் பழைய வேலையை விட்டீர்கள்?' என்று கேட்டால்?

உள்ளதைச் சொல்லுங்கள், இரண்டு வாக்கியத்தில். 'சேர்க்கை குறைந்தது, என் துறையில் இத்தனை பேரைக் குறைத்தார்கள், அதில் நானும் ஒருவர்.' அவ்வளவுதான். நிர்வாகத்தைத் திட்ட ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரும் ஒரு நிர்வாகி என்பதை மறந்துவிட்டீர்கள் என்று பொருள். இடைவெளியில் என்ன செய்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. டியூஷன், ஆன்லைன் வகுப்பு, கெஸ்ட் லெக்சரர் என்று எதையாவது காட்ட முடியவேண்டும்.

டெமோ வகுப்பில் நம்மவர்கள் சறுக்கும் இடம் வேறு. பாடம் அருமையாகத் தெரியும், ஆனால் பலகையைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் சொற்பொழிவு. அங்கே பார்ப்பது குழந்தையிடம் எத்தனை கேள்வி கேட்டீர்கள், தவறாகப் பதில் சொன்ன குழந்தையை எப்படிக் கையாண்டீர்கள் என்பதை. வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்துப் போனில் பதிவு செய்து பாருங்கள். பார்க்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் ஒரு கோர்ஸ் கற்றுத் தராததை அது கற்றுத்தரும்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்கவேண்டும்?

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அமீரகத்தில் பணி முடிவில் தரும் தொகை முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் 30 நாள். அடிப்படையைக் குறைத்துப் படியை ஏற்றி வைத்தால் இங்கே அடிபடும். முதல் வருடம் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. தங்குமிடம் தருவார்களா, தனி அறையா, டிக்கெட் யாருக்கெல்லாம் என்பதெல்லாம் தாளில் இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை.

கத்தார் வேலைக்குக் கொச்சியிலோ சென்னையிலோ உள்ள கத்தார் விசா மையத்தில் மருத்துவப் பரிசோதனையும் கைரேகையும் ஒப்பந்தக் கையெழுத்தும் நடக்கும். இன்டர்வியூவில் சொன்ன தொகையும் அங்கே திரையில் காட்டும் தொகையும் வேறாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் திரும்பி வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெடிக்கலில் எதற்காகத் திருப்பி அனுப்புகிறார்கள்?

பெரும்பாலும் நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு, ஹெப்படைட்டிஸ். விண்ணப்பிக்கும் முன்பே ஊரில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டால், மற்றச் செலவெல்லாம் செய்த பிறகு தெரியவந்து நொந்துபோக வேண்டியதில்லை.

தமிழ் ஆசிரியருக்கு வெளிநாட்டில் வேலை உண்டா?

கல்ஃபில் சில இந்தியப் பள்ளிகளில் தமிழ் இரண்டாம் மொழியாக இருக்கிறது, ஆனால் ஒரு பள்ளிக்கு ஒன்றிரண்டு இடம்தான். அமெரிக்கா, ஐரோப்பாவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நிறைய, அங்கே நடத்துபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், அதை நம்பி விசா கிடைக்காது. தமிழ் மட்டும் படித்தவர்களுக்கு வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு இங்கிருந்தே ஆன்லைனில் சொல்லிக்கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

நான் ஆசிரியை. என் விசாவில் கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள முடியுமா?

அமீரகத்தில் 2019 முதல் இதற்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை, வருமானம்தான் அளவுகோல். மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் விதி அனுமதிப்பது வேறு, அந்தச் சம்பளத்தில் நான்கு பேர் வாழ்வது வேறு. முதல் வருடம் தனியே போய், பள்ளி எப்படி, வாடகை எப்படி, பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று பார்த்துவிட்டு அழைப்பதுதான் என் யோசனை. அதுவரை பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் புறப்படும் முன் மாமியாரிடமும் அம்மாவிடமும் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அவர்களும் அனுப்பிவிட்டால்?

நடக்கக்கூடியதுதான். அமீரகத்தில் வேலை முடிந்த 14 நாளுக்குள் பாக்கி முழுவதையும் தரவேண்டும் என்பது சட்டம், வேறு வேலையில் சேராமல் ஊர் திரும்பினால் டிக்கெட் செலவும் முதலாளியுடையது. தராவிட்டால் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சில் புகார் செய்யலாம். இந்தியத் தூதரகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர மதத் என்ற இணையதளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறையும் உண்டு. விசாவை ரத்து செய்யும் தாளில் எந்தத் தேதிவரை தங்கலாம் என்பதைப் பார்த்துவிட்டு, 'பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே பணம் கைக்கு வந்த பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அங்கேயே வேறு பள்ளிக்கு மாற முயலும்போது, போன பள்ளியின் அனுபவச் சான்றை அந்நாட்டு வெளியுறவு அமைச்சில் அட்டெஸ்ட் செய்து வாங்கிவைப்பது நல்லது. ஊருக்கு வந்தபின் இங்கிருந்து அதைச் செய்வது பெரும்பாடு.